உரத்த சொல் துல்லியமான சொல் அல்ல

‘குட்’ என்று எழுதாதே, ‘எக்ஸலண்ட்’ என்று எழுது. ‘பிக்’ வேண்டாம், ‘என்னார்மஸ்’ போடு. ‘வெரி டயர்ட்’ சோம்பேறியின் ஆங்கிலம். ‘எக்ஸாஸ்டட்’தான் படித்தவரின் ஆங்கிலம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளிலும், பள்ளிச் சுவர்களில் ஒட்டிய அட்டைகளிலும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிக் கையேடுகளிலும், கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடியும் காணொளிகளிலும் இந்த அறிவுரை இன்று வேதம் போல ஓதப்படுகிறது. இடப்பக்கம் ஓர் எளிய சொல், வலப்பக்கம் அதற்கு மாற்றான ‘துல்லியமான’ சொல், நடுவில் ஓர் அம்புக்குறி. மனப்பாடம் செய்துகொண்டால் உங்கள் ஆங்கிலம் கூர்மையாகிவிடும் என்கிறார்கள். இதற்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் கிடக்கின்றன. அன்றாடச் சொற்கள் இயல்பிலேயே மங்கலானவை என்பது ஒன்று. அரிய சொற்கள் இயல்பிலேயே கூர்மையானவை என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இவற்றை நம்பி ஆங்கிலம் கற்பவர்கள் துல்லியத்தை நெருங்குவதில்லை, அதைவிட்டு விலகிப் போகிறார்கள். சொல்ல வந்த விஷயத்தையும் வழியில் தொலைத்துவிடுகிறார்கள்.

இந்த அறிவுரை உலகெங்கும் பரவியதில் ஒரு திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பீட்டர் வியர் இயக்கி 1989இல் வெளிவந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’யில் ராபின் வில்லியம்ஸ் ஏற்ற ஆசிரியர் பாத்திரம், ‘வெரி’ என்பது சோம்பலின் சொல் என்று மாணவர்களுக்குச் சொல்லும். மிகவும் களைத்தவனை ‘எக்ஸாஸ்டட்’ என்று சொல்லவேண்டும். மிகவும் வருந்துபவனை ‘மொரோஸ்’ என்று சொல்லவேண்டும். படம் பார்த்த கோடிக்கணக்கானோர் தலையசைத்த இந்தப் பாடத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ‘மொரோஸ்’ என்ற சொல்லுக்கு மிகுந்த வருத்தம் என்று பொருளே கிடையாது. சிடுசிடுப்பு, யாரோடும் ஒட்டாத கடுகடுப்பு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சுபாவம் என்பதே அதன் பொருள். எதிலும் திருப்தி அடையாதவன், எளிதில் எரிந்து விழுபவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தாயைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் ஒருவரை ‘வெரி சாட்’ என்றால் உண்மை சொன்னவர்கள் ஆவோம். ‘மொரோஸ்’ என்றால் அவருடைய துக்கத்தைக் கெட்ட குணமாக மாற்றிவிட்டோம். ‘எக்ஸாஸ்டட்’டின் கதையும் அதுதான். இருந்ததெல்லாம் தீர்ந்துபோய் மிச்சம் எதுவுமில்லாத நிலை அது. மாலையில் வேலை முடிந்து பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பும் ஒரு பெண் மிகவும் களைத்திருக்கிறாள்; ஆனால் அதன்பின் உலை வைக்கிறாள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள், மறுநாளுக்குத் துணி எடுத்து வைக்கிறாள். அவள் ‘வெரி டயர்ட்’. அந்தச் சொற்கள் இரண்டும் அவளுடைய நிலையை ஒரு மயிரிழை கூட்டாமலும் குறைக்காமலும் சொல்கின்றன. வலப்பக்கச் சொல் அவளிடம் இல்லாத ஒன்றை அவள்மீது ஏற்றுகிறது. துல்லியத்தின் பாடமாகக் காட்டப்பட்ட இரண்டு உதாரணங்களில் ஒன்று வெளிப்படையான பிழை, மற்றொன்று மிகை.

இது திரைக்கதை எழுதியவரின் தனிப்பட்ட கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டியல் முறையே இந்தப் பிழையைப் பெற்றுப் போடுகிறது. ஏனென்றால் அது ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவுகிறது, பொருளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. துல்லியம் என்பது சொல்லுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இடையே உள்ள பொருத்தம். அந்தப் பொருத்தத்தைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அளக்க முடியாது. ‘அவர் ஒரு குட் டாக்டர்’ என்ற வாக்கியத்தில் உள்ள குறை ‘குட்’ சின்னச் சொல்லாக இருப்பது அல்ல. ‘எக்ஸலண்ட் டாக்டர்’, ‘சூப்பர்ப் டாக்டர்’, ‘மார்வலஸ் டாக்டர்’ என்று எத்தனை முறை மாற்றினாலும் அந்த மருத்துவரைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியும் கிடைப்பதில்லை; குரல்தான் ஏறுகிறது. நோயாளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பவரா, தேவையில்லாத பரிசோதனைகளை எழுதித் தராதவரா, தன் கைக்கு மீறியதை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுபவரா? இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும், வாக்கியம் துல்லியமாகிவிடும். ‘குட்’ இருந்த இடத்திலேயே இருக்கலாம். அந்த ஒன்றைச் சொல்வதற்குத் தேவையானது மருத்துவரைக் கவனித்த கண். அது எந்தப் பட்டியலிலும் அச்சாவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பட்டியல்காரர்களின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ‘வாக்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘லிம்ப்’, ‘ட்ரட்ஜ்’, ‘ஸ்டாகர்’, ‘ஸ்ட்ரோல்’ என்று எழுதியிருந்தால் அவை வெறும் குரல் உயர்வுகள் அல்ல. நொண்டி நடப்பது ஒன்று, கால்களை இழுத்து இழுத்துக் களைப்போடு நடப்பது ஒன்று, தள்ளாடுவது ஒன்று, காற்று வாங்க உலவுவது ஒன்று. ஒவ்வொரு சொல்லும் ஒரு கூடுதல் செய்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது. நம் மொழியில் அரும்பு, மொட்டு, மலர், வீ என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் இருப்பதைப் போன்றது இது. உதிர்ந்து கிடப்பதை மொட்டு என்று எவரும் அழகுக்காகச் சொல்வதில்லை. இத்தகைய சொற்களைக் கற்றுக்கொள்ளவே வேண்டும், நிறையக் கற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் இவற்றை ‘வாக்’ என்பதற்கு மேலான சொற்கள் என்று கற்பிப்பது அபத்தம். நடந்தவர் நொண்டினாரா என்பது தெரிந்தால் ‘லிம்ப்’. தெரியாவிட்டால் ‘வாக்’ மட்டுமே நேர்மையான சொல். ‘சே’ என்ற வினைச்சொல்லுக்கும் இதே விதிதான். அதைக் கொன்று புதைத்துவிட்டு ‘எக்ஸ்க்ளெய்ம்’, ‘ரிடார்ட்’, ‘இன்டோன்’ என்று போடச் சொல்லும் சுவரட்டைகள் ஆங்கில நாடுகளின் பள்ளிகளிலேயே உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய எழுத்து விதிகளில் உரையாடலுக்கு ‘சே’யின் இறந்தகால வடிவமான ‘செட்’ தவிர வேறு வினைச்சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று நேர் எதிராகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் உரையாடலை எழுதியே பெயர் பெற்றவர் அவர். பாத்திரம் பேசுவதிலேயே கோபம் தெரியவேண்டும், தெரியாவிட்டால் வினைச்சொல்லை மாற்றி அதை ஒட்டவைக்க முடியாது என்பது அவருடைய தொழில் அனுபவம்.

ஒருபொருட் சொற்கள் என்று நாம் அழைப்பவை பெரும்பாலும் ஒரே பொருள் தருபவை அல்ல என்பது தமிழ் பேசுபவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய செய்தி இல்லை. சாப்பிடு, உண், தின், அருந்து, கொறி, விழுங்கு எல்லாம் ஒரே செயலைச் சுற்றி நிற்கும் சொற்கள்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘நன்றாகத் தின்னுங்கள்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் ‘தின்’, ‘ஸ்லிம்’, ‘ஸ்கின்னி’, ‘லீன்’, ‘இமேசியேட்டட்’ எல்லாம் ஒல்லியைத்தான் சொல்கின்றன. ஒன்று வெறும் செய்தி, ஒன்று பாராட்டு, ஒன்று கேலி, ஒன்று உறுதியான உடல், ஒன்று நோயோ பட்டினியோ தின்ற உடல். ‘ஓல்டு’ பாட்டியை ‘ஏன்ஷியன்ட்’ பாட்டி ஆக்கினால் அவர் மனம் புண்படும். சொற்களின் பொருள் அகராதியில் மட்டுமல்ல, அவை பழகும் கூட்டத்திலும் இருக்கிறது என்பதை ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1950களில் வலியுறுத்தினார். அவருடைய மாணவர் ஹாலிடே காட்டிய உதாரணத்தை நம் டீக்கடைகளே நிரூபிக்கின்றன. ‘ஸ்ட்ராங் டீ’ கேட்போம், ‘பவர்ஃபுல் டீ’ கேட்கமாட்டோம். வண்டிக்கு ‘பவர்ஃபுல் இன்ஜின்’ என்போம். இரண்டுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே விளக்கம்தான். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கணினியில் தொகுத்த லட்சக்கணக்கான வாக்கியங்களிலிருந்து உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்டு அகராதி இந்த உண்மையை இன்னும் ஆழப்படுத்தியது. ஒன்று வந்து நிலைகொள்வதைச் சொல்லும் ‘செட் இன்’ என்ற எளிய தொடர் எழுவாயாகப் பெரும்பாலும் அழுகல், விரக்தி, தொற்று போன்ற வேண்டாதவற்றையே கூட்டி வருகிறது என்று சின்க்ளேர் கண்டார். எந்த இலக்கண நூலிலும் எழுதப்படாத வழக்கம் அது. இப்படிப்பட்ட வழக்கங்களைக் கேட்டும் படித்தும் பெறலாமே தவிர, அம்புக்குறி போட்ட அட்டையிலிருந்து பெற முடியாது. அட்டை சொல்லை அதன் சுற்றத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தனியே தருகிறது.

‘அப்படியானால் ஒருபொருட் சொற்களைத் திரட்டித் தரும் தெசாரஸ் எதற்கு?’ என்று கேட்பார்கள். அதை உருவாக்கியவரையே கேட்போம். லண்டனில் பிறந்த மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1805இல் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சொற்களை வகைப்படுத்தத் தொடங்கினார். எழுபது வயதைக் கடந்தபின் 1852இல் அதை நூலாக வெளியிட்டார். ஒரே பொருளைத் தருவதுபோலத் தோன்றும் சொற்களின் வேறுபாடுகளை ஆராய்வது தனித் துறை, அதில் நான் இறங்கவில்லை என்று முன்னுரையிலேயே விலகிக்கொள்கிறார். சொற்களின் பொருள் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டு, நாக்கின் நுனியில் நின்று வர மறுக்கும் சொல்லை நினைவுபடுத்தவே அந்த நூலைச் செய்தார். தெரிந்தவருக்கு நினைவூட்டும் கருவியைத் தெரியாதவரின் கையில் பாடநூலாகக் கொடுத்தது பின்னால் வந்தவர்கள் செய்த தவறு. ரோஜே தன் முன்னோடிகளைப் பட்டியலிடும்போது முதலில் குறிப்பிடுவது செராம்பூரில் 1808இல் கோல்புரூக்கின் மொழிபெயர்ப்போடு அச்சான அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டை. அந்த மரபின் தமிழ்க் கிளை நம்முடைய நிகண்டுகள். திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாகத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பகுத்துப் பெயர்களைத் திரட்டியது. நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்தார்களே, அதுவும் சொற்பட்டியல்தானே என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் செய்யுள் படிப்பதற்கும் யாப்பதற்கும் அதைக் கற்றார்கள். எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் இடம் பார்த்து ஒரு சொல்லை எடுக்கவேண்டிய புலவருக்கு யானையின் இருபது பெயர்களும் வேண்டியிருந்தன. வரிவசூல் ஓலை எழுதிய கணக்கர் யானையை யானை என்றே எழுதினார்.

துல்லியம் தவறினால் உயிரோ விடுதலையோ போய்விடும் என்ற துறைகள் சொற்களை எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பார்த்தால் இந்த வாதம் முடிவுக்கு வந்துவிடும். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்து 1860இல் நிறைவேறி, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு விளைவிக்கும் தீங்கைச் சொல்ல அது தேர்ந்தெடுத்தது ‘ஹர்ட்’ என்ற, குழந்தைகள் முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் சொல்லும் சொல்லை. 319ஆம் பிரிவு அதை உடல்வலி, நோய், உடல்குறை என்று வரையறுத்தது. கடுமையான காயத்தைச் சொல்லவும் அது அகராதியைப் புரட்டிப் பயங்கரமான சொல்லைத் தேடவில்லை. அதே ‘ஹர்ட்’டுக்கு முன் ‘கிரீவஸ்’ சேர்த்து, 320ஆம் பிரிவில் எட்டு வகைகளை எண்ணிக் காட்டியது. ஒரு கண்ணின் பார்வை போவது, ஒரு காதின் கேட்கும் திறன் போவது, எலும்பு முறிவது அல்லது பல் பெயர்வது, இருபது நாள் கடும் வலியில் கிடப்பது என்று அது இறங்கி இறங்கிச் சொன்னது. துல்லியம் இருபது நாள் என்ற எண்ணிக்கையில் இருந்தது, எலும்பில் இருந்தது, பல்லில் இருந்தது. திருட்டைக் குறிக்கும் ‘தெஃப்ட்’, ‘எக்ஸ்டார்ஷன்’, ‘ராபரி’, ‘டெக்காய்ட்டி’ ஆகியவை தெசாரஸில் அக்கம்பக்கமாகக் கிடக்கும் சொற்கள். சட்டத்தில் அவற்றுக்கிடையே சுவர் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால்தான் கடைசிச் சொல் பொருந்தும். அந்தச் சொல் கம்பீரமாக ஒலிக்கிறது என்பதற்காக நான்கு பேர் செய்த கொள்ளையை அப்படி எழுதும் காவலர் வழக்கைக் கெடுத்துவிடுவார்.

வானூர்தித் துறை இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொற்களைக் குறைத்தது. விமானப் பராமரிப்புக் கையேடுகளை உலகின் பல மொழிக்காரர்களும் பிழையின்றிப் புரிந்துகொள்ளவேண்டும் என்று ஐரோப்பிய விமானத் தொழில் அமைப்புகள் 1980களில் எளிமைப்படுத்திய ஆங்கிலம் ஒன்றை வகுத்தன. அதன் அகராதியில் அனுமதிக்கப்பட்ட பொதுச்சொற்கள் ஏறத்தாழ 900. தொடங்குவதற்கு ‘ஸ்டார்ட்’ மட்டுமே உண்டு. ‘பிகின்’, ‘கமென்ஸ்’, ‘இனிஷியேட்’ மூன்றும் விலக்கப்பட்டவை. ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதே அங்கே சட்டம். இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருளோ என்று இயந்திரப் பணியாளர் ஒரு கணம் யோசிப்பார், அந்த யோசனைக்கே இடம் கொடுக்கக் கூடாது என்பது அதன் நியாயம். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்தின் காரணங்களில் ஒன்று, புறப்பாடு பற்றி விமானத்திலிருந்து சொன்ன ஒரு தொடரைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. அதன்பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை மேலெழும்ப அனுமதி கொடுக்கும், அல்லது அதை ரத்து செய்யும் நேரத்தில் மட்டும் பேசவேண்டும், மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லவேண்டும் என்று நடைமுறை இறுகியது. ஒருபொருட் சொற்களாக இருந்த இரண்டுக்கும் தனித்தனி வேலை ஒதுக்கி வேலி போட்டார்கள். சொல்வளத்தைக் காட்ட ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடும் பழக்கம் அந்தத் துறைக்குள் நுழைய முடியாது.

உரத்த சொற்களுக்கு இன்னொரு நோயும் உண்டு: அவை தேய்ந்துபோகும். ‘ஆஃபுல்’ என்றால் ஒருகாலத்தில் பேரச்சமும் பக்தியும் ஊட்டுவது. ‘டெரிஃபிக்’ திகிலூட்டுவது. ‘ஆஸம்’ கடவுளின் முன்னோ புயலின் முன்னோ வாயடைத்து நிற்பதைச் சொன்ன சொல். சாதாரண விஷயங்களுக்கெல்லாம் அவற்றை எடுத்து வீசி வீசி, முதலாவது ‘மோசம்’ என்றும் மற்ற இரண்டும் ‘பரவாயில்லை, நன்றாக இருக்கிறது’ என்றும் வற்றிவிட்டன. உண்மையிலேயே திகிலூட்டும் ஒன்றைச் சொல்ல ஆங்கிலம் இப்போது வேறு சொல் தேடவேண்டியிருக்கிறது. எல்லாரும் ‘டயர்ட்’டைக் கைவிட்டு ‘எக்ஸாஸ்டட்’டுக்குப் போனால் சீக்கிரமே ‘கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்’ தேவைப்படும், தேவைப்பட்டும் விட்டது. விரட்டிய ‘வெரி’ வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. எளிய சொல் இப்படித் தேய்வதில்லை, ஏனென்றால் அது முதலிலிருந்தே எதையும் மிகைப்படுத்தவில்லை.

படிப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைகளின் சொற்களைத் தெசாரஸில் உள்ள நீண்ட சொற்களால் மாற்றி மாணவர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார். சொற்கள் நீள நீள, எழுதியவருக்கு இடம் கொடுக்கலாம் என்ற மதிப்பீடு இறங்கியது. சொற்களை இயந்திரத்தனமாக மாற்றியதால் கட்டுரை கெட்டிருக்கலாம் என்ற நியாயமான ஐயம் எழும். அதனால் எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்: கடினமாக எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டுச் சுருக்கத்தின் நீண்ட சொற்களை எளிமையாக்கினார். எளிய வடிவத்தை எழுதியவரையே படித்தவர்கள் கூடுதல் அறிவாளியாகக் கருதினார்கள். பெரிய சொல் அறிவாளித் தோற்றம் தரும் என்ற நம்பிக்கைக்கு மாறான முடிவு இது.

தேர்வு மதிப்பெண்ணைச் சொல்லி வாயடைப்பவர்கள் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், அதற்குக் கால் பங்கு மதிப்பெண், அரிய சொற்களைப் பயன்படுத்தச் சொல்கிறதே என்பார்கள். அந்த அளவுகோலை முழுதாகப் படியுங்கள். ஏழாம் படிநிலைக்கு அரிதான சொற்களைக் கேட்கும் அதே வரி, நடையையும் சொற்சேர்க்கையையும் உணர்ந்து அவற்றைப் பயன்படுத்தவேண்டும் என்கிறது. உச்சமான ஒன்பதாம் படிநிலைக்கு அது கேட்பது இயல்பான கட்டுப்பாட்டை. ‘பவர்ஃபுல் டீ’ எழுதுபவருக்கு அந்த வரி மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்காதா என்பது அடுத்த கேள்வி. ஃபவ்லர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலிலேயே இதற்கு விடை இருக்கிறது. சலிப்புக்குப் பயந்து பெயரை மாற்றிக்கொண்டே போவதை அவர்கள் ஒரு நோயாகக் கண்டு அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஒரு பத்தியில் ‘ஸ்கூல்’, ‘இன்ஸ்டிட்யூஷன்’, ‘அகாடமி’ என்று மூன்று பெயர் வந்தால் வாசகர் மூன்று கட்டடங்களைத் தேடுவார். ஷேக்ஸ்பியரின் சொல்வளத்தை எடுத்துக்காட்டுபவர்கள் அவர் அதை எங்கே பயன்படுத்தினார் என்பதையும் பார்க்கவேண்டும். ஹாம்லெட்டின் மிகப் புகழ்பெற்ற தனிமொழியின் முதல் வரியில் கடைசிச் சொல் ஒன்றைத் தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள், ஆங்கிலத்தின் ஆகச் சாதாரணமான சொற்கள். மேக்பெத் தன் கையின் இரத்தத்தைக் கடலில் கழுவுவதைப் பற்றி நினைக்கும் இடத்தில் இரண்டு மாபெரும் லத்தீன் சொற்களை உருட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே அதே செய்தியைப் பச்சை, சிவப்பு என்ற பிள்ளைச் சொற்களில் திரும்பச் சொல்கிறான். இரண்டில் நெஞ்சைப் பிடிப்பது இரண்டாவது என்பது என் துணிபு.

எல்லா எதிர்ப்புகளிலும் வலுவானது கண்ணியத்தின் பெயரால் வருவது. ஆங்கிலம் இந்த நாட்டில் வெறும் மொழியாக இல்லை. அது வேலைவாய்ப்பின் வாசல், சாதியையும் ஊரையும் தாண்ட உதவும் ஏணி, அதே நேரம் ஏளனத்தின் ஆயுதம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி பெரிய சொற்களைத் தேடுவது படாடோபம் அல்ல, தற்காப்பு. அவளிடம் போய் எளிய சொல்லே போதும் என்று சொல்வது அவளை அடிவாரத்திலேயே நிறுத்துவதாகாதா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பட்டியல் அவளுக்கு என்ன செய்கிறது? கையில் இருக்கும் ‘குட்’, ‘பிக்’, ‘டயர்ட்’ எல்லாம் கீழான சொற்கள் என்று அவளுக்குச் சொல்கிறது. அடுத்த முறை பேச வாயெடுக்கும்போது தெரிந்த சொல்லைத் தள்ளிவிட்டு அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்காகத் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் பேச்சே நின்றுபோகிறது. மனிதர் இறந்ததை ‘டைடு’ என்று சொல்லக் கூசி, மருந்துக்கும் வங்கி அட்டைக்கும் பொருந்தும் ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதும் வழக்கம் நம்மிடையே எப்படி வந்தது? எளிய சொல் மரியாதைக்குறைவு என்ற இதே பயத்தால்தான். ‘லிவ்’ என்பதை ‘ரிசைட்’ ஆகவும், ‘டெல்’ என்பதை ‘இன்டிமேட்’ ஆகவும் மாற்றி எழுதிய காலனிய அலுவலகங்களின் குமாஸ்தா ஆங்கிலம் யாரையும் ஏணியில் ஏற்றவில்லை. அந்த நடையைப் ‘பாபு இங்கிலீஷ்’ என்று ஆங்கிலேயர் எள்ளி நகையாடினார்கள். ஏளனத்துக்கு அஞ்சிப் பூண்ட கவசமே ஏளனத்துக்கு இலக்கானது.

அந்த மாணவியைப் போன்றவர்களுக்கு உண்மையில் உதவிய பணி வேறு திசையில் நடந்தது. 1920களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், வங்கப் பிள்ளைகள் பல ஆண்டு ஆங்கிலம் படித்தும் ஒரு நூலைப் படிக்க முடியாமல் திணறுவதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்து வாசிப்பு நூல்கள் எழுதினார். அந்த உழைப்பின் நீட்சியாக 1953இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்கள். 1978இல் வெளிவந்த லாங்மன் சமகால ஆங்கில அகராதி தன்னிடமுள்ள பல்லாயிரம் சொற்களுக்கும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியது. அதாவது அட்டையின் வலப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் இடப்பக்கச் சொற்களால் விளக்கிவிட முடியும். எதிர்த்திசையில் அது முடியாது. அடிப்படைச் சொற்கள் ஒவ்வொன்றும் எத்தனை அகலம் என்பதற்கு ‘ரன்’ ஒன்றே சாட்சி: ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் அண்மைத் திருத்தத்தில் அந்த வினைச்சொல்லுக்கு 600க்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. தண்ணீர்க் குழாயும் தேர்தலும் கடையும் காய்ச்சலும் காலுறைக் கிழிசலும் அந்த ஒரு சொல்லில் ஓடுகின்றன. ‘எக்ஸலண்ட்’டுக்கு ஐம்பது மாற்றுச் சொற்களை உருப்போடும் நேரத்தில் ‘ரன்’, ‘டேக்’, ‘கெட்’, ‘புட்’ ஆகியவற்றின் ஐம்பது பயன்பாடுகளைக் கற்றுக்கொண்டவர் வங்கியிலும் மருத்துவமனையிலும் நேர்காணலிலும் தடங்கலில்லாமல் பேசுவார். அங்கெல்லாம் பேசப்படும் ஆங்கிலம் அதுதான்.

ஆசிரியர்களிடமும் பயிற்சி நூல் எழுதுபவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த அட்டைகளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். புதிய சொல் ஒன்றைக் கற்பிக்கும்போது அது வாழும் முழு வாக்கியத்தோடு, அது எந்தச் செயலுக்கு, எந்த மனிதருக்கு, எந்தத் தொனிக்கு உரியது என்பதோடு கற்பியுங்கள். மாணவரின் கட்டுரையில் ‘குட்’ என்ற சொல்லைக் கண்டால் அதைச் சிவப்பு மையால் அடித்து மேலே வேறு சொல் எழுதாதீர்கள். பக்கத்தில் ‘எந்த விதத்தில்?’ என்று எழுதி, விடைக்கு இரண்டு வரி இடம் விடுங்கள்.